ஐந்து மணிக்கு மேல் சூப்பர்செல் துரத்த: ரேடார்ஸ்கோப் செயலி

அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் மே மாதக் கடைசியில் சூரியன் மறைய இரவு எட்டரை ஆகிவிடும். ஐந்து மணிக்கு வேலை முடிந்து கிளம்பினால் மூன்றரை மணி நேர வெளிச்சம் மிச்சம். மதியம் மூன்று மணிக்கு வரும் புயல் முன்கணிப்பு மையத்தின் புதிய வரைபடத்தைப் பார்த்துவிட்டு, 150 கிலோமீட்டருக்குள் எழும் சூப்பர்செல்லை, அதாவது சுழலும் பெரிய இடிமேகத்தை, தேடிப் போக, கைபேசியில் ரேடார்ஸ்கோப் என்ற வானிலை ரேடார் செயலி இருந்தால் போதும். அதன் குறை தெரிந்தவருக்கு மட்டும்தான் போதும்.

இலவசச் செயலிகள் பல ரேடார் படங்களை ஒட்டி, ஓரங்களை மழுக்கித் தருகின்றன. பார்க்க அழகாக இருக்கும். சுழற்சியைக் காட்டிக்கொடுக்கும் கொக்கி வடிவம் கரைந்து போயிருக்கும். ரேடார்ஸ்கோப் அமெரிக்க அரசின் நெக்ஸ்ராட் வானிலை ரேடார் ஒவ்வொன்றின் தரவையும் தனியாக, அப்படியே காட்டுகிறது. மழை அடர்த்தியையே பார்த்துக்கொண்டிருக்காமல் காற்று வேகப் படத்துக்கு மாற்றுங்கள். ரேடாரை நோக்கி வரும் காற்று பச்சை, விலகிப் போவது சிவப்பு. கொக்கியின் நுனியில் இரண்டும் பளிச்சென்று ஒட்டி நின்றால் அங்கே சுழற்சி. அதே புள்ளியில் கோரிலேஷன் கோஎஃபிஷியன்ட் (காற்றில் இருப்பவை எவ்வளவு ஒரே மாதிரியானவை என்று காட்டும் எண்) 0.8க்குக் கீழே சரிந்தால், பெரும்பாலும் மரக்கிளையும் கூரைத் தகடும் பறக்கின்றன என்று பொருள். டொர்னாடோ என்னும் சுழல்காற்றுத் தூண் தரையைத் தொட்டாயிற்று.

100 கிலோமீட்டருக்கு அப்பால் ரேடாரின் மிகத் தாழ்ந்த கற்றையே சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்தான் போகும். கீழே நடப்பது அதற்குத் தெரியாது. தென்மேற்கே போகப் போக, நகரத்து ரேடாரான கேடிஎல்எக்ஸை விட்டு ஃப்ரெடரிக் ஊரின் ரேடாரான கேஎஃப்டிஆருக்கு மாறிவிடுவது நல்லது.

உண்மையான ஆபத்து படத்தின் வயது. ரேடார் எல்லா உயரக் கோணங்களிலும் சுற்றி முடிக்க 4 முதல் 6 நிமிடம் ஆகும். தாழ்ந்த கோணம் இடையிடையே புதுப்பிக்கப்பட்டாலும் ஓரிரு நிமிடப் பழசுதான். மணிக்கு 60 கிலோமீட்டரில் நகரும் மேகம் ஐந்து நிமிடத்தில் 5 கிலோமீட்டர் தாண்டிவிடும். கிராமப்புறத்தில் சிக்னல் அறுந்தால் இன்னும் மோசம். ஜிபிஎஸ் வேலை செய்வதால் நம் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும், மேகம் மட்டும் உறைந்து நிற்கும். எல்லாம் சரியாக ஓடுவதுபோலவே தோன்றும். திரையில் உள்ள நேரத்தைப் படிக்காமல் ஒரு திருப்பத்திலும் வண்டியைத் திருப்பாதீர்கள். 2013 மே 31 அன்று எல் ரீனோவில் 4 கிலோமீட்டருக்கு மேல் அகன்ற டொர்னாடோ சட்டென்று திசை மாறியதில், அனுபவமிக்க ஆய்வாளர் டிம் சமாராஸ் உட்பட ஒரே காரில் சென்ற மூவர் இறந்தார்கள். அதனால் மழை மையத்தை ஊடுருவும் குறுக்கு வழி வேண்டவே வேண்டாம். ஆலங்கட்டி கொட்டுவதும் அங்கேதான். மேகம் வடகிழக்கே நகர்ந்தால் அதன் தென்கிழக்கில் நின்று, தெற்கே போகும் தார்ச்சாலை ஒன்றைத் தப்பிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை விவரத்தில் செயலி சோடை. எது தார், எது மண் என்று சொல்லாது; ஓக்லஹோமாவின் செம்மண் பாதை ஒரு மழையில் வழுக்கு சேறாகிவிடும். காகித வரைபடம் ஒன்று அவசியம். கூடவே கார் சார்ஜர், கைபேசித் தாங்கி, அரசின் வானிலை எச்சரிக்கைகளைக் கேட்க, பேட்டரியில் ஓடும் நோவா வானிலை ரேடியோ. தாங்கியை ஏசி காற்று படும் இடத்தில் மாட்டுங்கள்; கண்ணாடியில் ஒட்டினால் வெயிலில் சூடேறித் திரை மங்கும். தனியாக ஓட்டுபவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் திரையைப் பார்க்க வேண்டும்.

கூடுதல் சந்தாவில் முதல் படியே போதும்: மின்னல் தரவு கிடைக்கும், காரைவிட்டு இறங்கலாமா என்று முடிவெடுக்க அது உதவும். இரண்டாம் படியின் இரட்டைத் திரை, பழைய தரவுக் கிடங்கு எல்லாம் வீட்டில் உட்கார்ந்து அலசுபவர்களுக்கு.