டெர்மினலில் தமிழ்: நெடுநாள் பயன்படுத்தியதில் கண்டவை

"யூனிகோட் ஆதரவு உண்டு" என்று சொல்லிக்கொள்ளாத டெர்மினல் (கட்டளைகளைத் தட்டி இயக்கும் எழுத்துத் திரை) மென்பொருள் இன்று அரிது. அதை மட்டும் நம்பி எதையும் நிறுவாதீர்கள். 'கொடி', 'கீரி' என்று இரண்டு சொல் தட்டிப் பாருங்கள். பாதி உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.

கோலாலம்பூரில் சர்வர் பராமரிப்புதான் என் தொழில். அதோடு, பழைய தமிழ் இதழ்களை மின்வடிவில் சேர்த்துவைக்கும் நண்பர்களுக்குக் கோப்புகளை அடுக்கித் தருகிறேன். மலேசியாவில் ஒரு பெயர்ப்பட்டியலைத் திறந்தால் மலாய், சீனம், தமிழ் மூன்றும் ஒரே பக்கத்தில் வரும். மலாய்க்கு ரோமன் எழுத்து, தொல்லையில்லை. சீனத்தில் ஆயிரக்கணக்கில் எழுத்துகள் இருந்தும் ஒவ்வொன்றும் ஒழுங்காகத் திரையின் 2 எழுத்துக் கட்டத்தில் உட்கார்ந்துகொள்ளும். தமிழ்ப் பெயர் வரும் வரியில்தான் நெடுவரிசை கோணலாகும்.

குறியேற்றத்தைக் குறை சொல்ல முடியாது. 'தமிழ்' என்ற சொல்லுக்கு யூனிகோடில் 5 குறிகள். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 15 பைட். சேமிக்கவும் அனுப்பவும் தேடவும் ஒரு தடையுமில்லை. திரையில் வரையும்போதுதான் வம்பு. ஒரு குறிக்கு இத்தனை கட்டம் என்பது டெர்மினலின் பழைய சட்டம். அந்தக் கணக்கைச் சொல்வது டபிள்யூசிவிட்த் (wcwidth) என்ற நிரல் சார்பு. கணினி அறிஞர் மார்கஸ் குன் எழுதிய அதன் வடிவம் பல மென்பொருள்களுக்குள் போயிருக்கிறது. யூனிகோட் வகைப்பாட்டில் ஈகாரக் குறியும் புள்ளியும் தனியிடம் பிடிக்காதவை, இகரக் குறி இடம் பிடிப்பது. அதன்படி 'கி' 2 கட்டம், 'கீ' 1 கட்டம்! குறிலுக்கு இரண்டு, நெடிலுக்கு ஒன்று. நாம் பள்ளியில் படித்த மாத்திரைக் கணக்கு அப்படியே தலைகீழ்.

'கொ' இன்னும் மோசம். ஒகரக் குறியின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னாலும் மறுபாதி பின்னாலும் நிற்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக வரையும் மென்பொருளுக்கு இது புரியாது. கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளிவட்டம் ஒன்று நடுவில் முளைக்கும்.

எக்ஸ்டெர்ம் என்ற பழைய டெர்மினல் இந்த எழுத்துச் சேர்க்கையில் இறங்குவதே இல்லை. ஆங்கிலப் பதிவுகளைப் பார்க்க இன்றும் எனக்கு அதுதான் பிடிக்கும், வேகமானது. தமிழ் படிக்க எம்எல்டெர்ம்: பன்மொழிக்கென்றே எழுதப்பட்டது. அதில் எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் ஓப்பன்டைப் தளவமைப்பையும் மாறும் அகல வசதியையும் சேர்த்து இயக்கினால் எழுத்து முறையாக வரும். கட்டம் போட்டு வரையும் முழுத்திரை நிரல்கள் கொஞ்சம் நெளியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மேக்கில் நம் மலேசியரான முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு உடன் வருவதால், எழுத்துரு தேடி அலையும் வேலை மிச்சம்.

அண்மைய மாற்றம் நம்பிக்கை தருகிறது. 2024 டிசம்பரில் 1.0 பதிப்பாக வெளிவந்த கோஸ்ட்டி என்ற டெர்மினலும், 1.22 பதிப்பு முதல் விண்டோஸ் டெர்மினலும் உயிர்மெய்யை உடைக்காமல் ஒரே கொத்தாக எடுத்துக்கொள்கின்றன. ஆனால் டெர்மினல் மட்டும் திருந்தினால் போதாது. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல், எடிட்டர், நடுவில் ஒரே திரையைப் பலவாகப் பிரிக்கும் டிமக்ஸ் என்று ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கும். கணக்குகள் மோதினால் கர்சர் ஓரிடத்திலும் தட்டும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும். டிமக்ஸ் இல்லாமல் ஒருமுறை, அதற்குள் ஒருமுறை என்று இரண்டு வகையிலும் சோதிக்காமல் எந்த டெர்மினலுக்கும் நான் மதிப்பெண் போடுவதில்லை.

கோப்புப் பெயர்களுக்கு வருவோம். கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (git) மென்பொருளில் தமிழ்ப் பெயர் '\340\256\244' என்று எண்களாக வருகிறதா? அதன் கோட்பாத் (core.quotePath) அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள், தீர்ந்தது. பலர் இதற்காக டெர்மினலைத் திட்டுகிறார்கள், பாவம். மொழியையும் நாட்டையும் குறிக்கும் லோக்கேல் அமைப்பில், லினக்ஸின் அடிப்படை நிரலகமான கிலிப்சி (glibc) தமிழுக்கு இந்தியா, இலங்கை இரண்டை மட்டுமே தருகிறது. மலேசியத் தமிழ் கிடையாது. மலேசிய மலாய் லோக்கேலையே வைத்துக்கொள்ளலாம். கடைசியில் யூடிஎஃப்-8 என்ற வால் இருந்தால் தமிழ் எழுத்து வரும்.

டெர்மினலை நான் விடாததற்கு உண்மையான காரணம் வேறு. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்தில் திஸ்கி (TSCII) என்ற தமிழ்க் குறியேற்றம் நன்றாகப் புழங்கியது. அன்று தட்டிய கோப்புகள் இப்போது திறந்தால் வெறும் குப்பை எழுத்தாகத் தெரியும். குறியேற்றம் மாற்றும் லினக்ஸின் ஐகான்வ் (iconv) கட்டளைக்குத் திஸ்கி தெரியும். எந்த இணையதளத்துக்கும் ஏற்றாமல், ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே வரிக் கட்டளையில் யூனிகோடாக்கிவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே மற்ற கோணல்களை மன்னிப்பேன்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. வரைகலை இல்லாத வெறும் லினக்ஸ் கன்சோலில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்கள்தான் ஏறும், சேர்க்கையும் நடக்காது; அங்கே தமிழை எதிர்பார்க்க வேண்டாம். சர்வர் படுத்துவிட்டால் போய் நிற்கப்போவது அந்தத் திரைமுன்தான். ஆகவே காப்புக் கோப்புறைகளுக்கு ரோமன் பெயரே வைக்கிறேன், உள்ளே இருப்பவை தமிழிலேயே இருக்கட்டும். நெடுவரிசை நேராக வேண்டிய பெயர்ப்பட்டியலை லிப்ரே ஆபிஸில் திறந்துவிடுகிறேன்.