மலைக்கறி: தடையா, தளர்வா? சேர்வராயன் மலையிலிருந்து ஓர் ஒப்பீடு

வெப்பமண்டல மழைக்காட்டில் விலங்குகளின் எண்ணிக்கை குறையாமல் வேட்டையாட வேண்டுமானால், காட்டு இறைச்சியை (நம்மூரில் மலைக்கறி) மட்டுமே புரதத்துக்கு நம்பும் ஒருவருக்கு ஒரு சதுர கிலோமீட்டர் காடு தேவைப்படும் என்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் தோராயக் கணக்கு. ஏற்காடு அமைந்துள்ள, ஏறக்குறைய 380 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சேர்வராயன் மலைக்கு இதைப் பொருத்தினால், காபித் தோட்டங்களையும் விடுதிகளையும் கழிக்காமலே, 400 பேருக்குக்கூட எட்டாது. 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினாலோ அந்தக் கறியை வாங்கச் சேலம் மாநகரம் காத்திருக்கிறது.

இந்த வேட்டையைக் கட்டுப்படுத்த முதல் வழி, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வகுத்த முழுத் தடை. காட்டுமாடு ஒரு பேற்றில் ஒரு கன்றே ஈனுவது. காட்டுப்பன்றியோ நான்கைந்து குட்டிகள் போடுவது. இவ்விரண்டையும் தடை ஒரே கண்ணால்தான் பார்க்கிறது என்ற குறை நியாயமானதே. ஆனால், காபிச் செடிகளுக்கிடையே முழங்கால் உயரத்தில் கட்டப்படும் சுருக்கும் அப்படித்தான் பார்க்கிறது. பழைய பைக்கின் கிளட்ச் கம்பியை வளையமாக்கி, சில்வர் ஓக் மரத்தடியில் முடிந்துவிட்டால், பன்றிக்கு வைத்ததில் கேளையாடு என்னும் சிறு மானும் சிக்கும், வளர்ப்பு நாயும் சிக்கும். இனம் பிரித்து வேட்டையாடலாம் என்ற வாதம் இந்த வளையத்தின் முன் நிற்பதில்லை.

இரண்டாவது வழி மலேசிய மாநிலமான சரவாக்கினுடையது. மரம் வெட்டப் போட்ட சாலைகள் வழியே காட்டு இறைச்சி நகரங்களுக்குப் பாய்ந்த நிலையில், அம்மாநிலம் 1998-இல் அதன் விற்பனையைத் தடைசெய்து, உட்பகுதிக் கிராம மக்கள் தங்கள் அடுப்புக்காக வேட்டையாடுவதை மட்டும் விட்டுவைத்தது. குற்றத்தைத் துப்பாக்கியில் தேடாமல் தராசில் தேடிய இந்த அணுகுமுறையே எனக்கு அறிவார்ந்ததாகப் படுகிறது. எனினும், சரவாக்கின் பரப்பு ஏறத்தாழ 1,24,000 சதுர கிலோமீட்டர். நம் மலையோ அதில் ஒரு மூலைக்கும் காணாது. அடுப்புக்கு என்று அனுமதித்தது அடுத்த வளைவிலேயே விலைக்கு மாறிவிடும்.

மூன்றாவது, பயிரைக் காக்க அரசே அளந்து கொல்லும் வழி. கேரளம் 2022-இல் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் தந்தது. உடலைப் புதைத்துவிட வேண்டும், உண்ணக் கூடாது. தமிழ்நாடு 2025-இல் இன்னும் இறுக்கமாக, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம் என்றது. காப்புக்காடுகளை ஒட்டியே நிலம் வைத்திருக்கும் இம்மலையின் ‘மலையாளி’ பழங்குடி உழவருக்கு இதனால் பெரிய பயனில்லை. ஒரே இரவில் மரவள்ளி தோண்டப்பட்டவர் இழப்பீட்டை எதிர்பார்ப்பதைத் தவிர வேறு வழியற்றவர். ஆயினும் புதைக்கும் நிபந்தனை மிகச் சரியானது: இறைச்சிக்கு விலை இல்லையென்றால், பயிர்ச்சேதத்தைச் சாக்காக்கிச் சுடுவதற்கும் ஆளில்லை.

பண்ணையில் வளர்க்கலாம் என்ற யோசனையை நீட்ட வேண்டியதில்லை. கானாவில் புல்வெட்டி எலி என்னும் பெரிய கொறிவிலங்கை இறைச்சிக்காக வளர்க்கிறார்கள்; அங்கே காட்டு இறைச்சி பலருக்கு அன்றாட உணவு. இங்கோ நாமக்கல் கோழி கூப்பிடு தூரத்தில் மலிவாகக் கிடைக்கிறது. நம்மூரில் மலைக்கறி கேட்பவர் புரதத்துக்காகக் கேட்பதில்லை, பெருமைக்காகக் கேட்கிறார். பண்ணையில் வளர்ந்தது என்றால் அவருக்கு அது வேண்டாம்.

ஆகவே இம்மலைக்கு முழுத் தடையே பொருந்தும். ஆனால் அதன் முனை சரவாக்கைப் போல வாங்குபவரை நோக்கித் திரும்ப வேண்டும். சுருக்கு வைத்தவரைத் தேடி மலையேறும் சோதனையில் பாதியாவது, வார இறுதியில் அதைச் சமைத்துப் பரிமாறும் இடங்களில் நடக்கட்டும்.