எரியும் பந்தத்துக்கும் கணக்கு: ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ விதிநூல்

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஒருவர் நடுவராக இருந்து நிலவறையை விவரிக்க, ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் திருடராகவும் பேசி ஆடும் கற்பனை விளையாட்டுக்கு மூலநூல், கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974 இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆகும். 1981 இல் டொம் மோல்ட்வேயும் டேவிட் குக்கும் செப்பனிட்டுத் தந்த பேசிக், எக்ஸ்பேர்ட் என்னும் இரு பகுதிகளின் விதிகளை ஏறக்குறைய அப்படியே எடுத்து, சிதறிக் கிடந்தவற்றை ஒழுங்குபடுத்தி கவின் நோர்மன் 2019 இல் கொண்டுவந்ததே ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஞாயிறு பிற்பகல்களில் கூடும் எங்கள் சிறு வட்டம் இதை வைத்தே ஆடிவருகிறது. ஆட்டத்தின் நடுவே விதியைத் தேடிப் பார்ப்பதற்கு நானறிந்தவரையில் இதைவிட நல்ல நூல் இல்லை. ஆனால் படித்துப் பழக விரும்புபவருக்கு இது மட்டும் போதாது.

நூலின் சிறப்பு அதன் அடக்கம். திறந்து வைத்தால் கண்ணெதிரே தெரியும் இரண்டு பக்கங்களுக்குள் பெரும்பாலும் ஒரு விடயம் முடிந்துவிடுகிறது; மிகச் சிறிய வாக்கியங்கள், அவற்றின் அருகிலேயே அட்டவணை. யாரோ ஒருவர் கதவை உடைக்கப் போகிறேன் என்று எழுந்து நிற்கும்போது நடுவர் பக்கம் புரட்டித் திணற வேண்டியதில்லை.

இந்த ஒழுங்கு அதிகம் பயன்படுவது வெளிச்சத்தையும் நேரத்தையும் பற்றிய விதிகளில்தான். நிலவறைக்குள் நேரம் பத்து நிமிடத் துண்டுகளாக ஓடுகிறது. ஒரு தீப்பந்தம் ஆறு துண்டுகளுக்கு, அதாவது ஒரு மணி நேரத்துக்கு எரியும். ஒரு குப்பி எண்ணெய் ஊற்றிய லாந்தர் நான்கு மணி நேரம் தாங்கும். இரண்டு துண்டுகளுக்கு ஒரு முறை நடுவர் பகடைக் காயை உருட்டி, ஆறில் ஒரு வாய்ப்பாக அலைந்து திரியும் பிராணி ஏதாவது வருகிறதா என்று பார்க்கிறார். இளையவர்கள் இதை வெறும் கணக்கெழுதும் தொல்லை என்று முதலில் முகம் சுளித்தார்கள். தொண்ணூறுகளின் போர்க்கால மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்கள் வயதினருக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. எவரும் சொல்லாமலே ஒருவர் சதுரக்கோட்டுக் கொப்பியின் ஓரத்தில் பந்தத்துக்கு ஆறு கோடு கீறி, ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார். நான்காவது கோடு வெட்டப்பட்டதும் திரும்பி நடப்பதா, இன்னுமோர் அறையைப் பார்ப்பதா என்று எழுந்த வாக்குவாதம், அன்று ஆடிய எந்தச் சண்டையையும் விடச் சூடாக இருந்தது.

பாத்திரம் நிலை உயர்வதற்குச் சேர்க்கும் அனுபவப் புள்ளியை வழங்கும் முறையும் அப்படிப்பட்டதே. கொப்ளின் என்னும் குட்டிப் பூதமொன்றைக் கொன்றால் கிடைப்பது 5 புள்ளி. வெளியே கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு பொற்காசுக்கும் 1 புள்ளி. வீரர் இரண்டாம் நிலைக்குப் போகத் தேவையானது 2,000. ஆகவே சண்டை நட்டம், தந்திரம் இலாபம். எங்கள் நிலவறையை அடியில்லாதது என்று சொல்லப்படும் நிலாவரைக் கிணற்றின் கீழே நான் அமைத்திருந்தேன். அங்கே போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்ற கதையும் இந்தக் குடாநாட்டின் சுண்ணக்கல்லும் இருக்கும்போது வேறெங்கோ குகை தேடுவானேன்? புதையலாக யாழ்ப்பாண அரசர் காலத்து, நந்தி பொறித்த சேது நாணயங்களை வைத்தேன். அவை செப்புக் காசுகள். நூலின்படி நூறு செப்புக்கு ஒரு பொன். எடையையும் காசுக் கணக்கிலேயே அளக்கும் இந்நூலில் ஒருவர் சுமக்கக்கூடிய உச்ச எடை 1,600 காசு. முதுகு முறியச் சுமந்து வந்தாலும் ஓராளுக்குப் பதினாறே புள்ளி! மாட்டுவண்டி கேட்டவர்களும் கயிற்றையும் கப்பியையும் பற்றிப் பேசியவர்களும் அன்று வாளைத் தொடவேயில்லை. இந்த விளையாட்டின் சுவை எனக்கு அங்கேதான் இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஆட்டம் நடக்கும் விதத்தை உரையாடலாகக் காட்டும் மாதிரிப் பகுதி மோல்ட்வேயின் நூலில் இருந்தது. இதில் அப்படி ஒன்று இல்லாததால், ஏற்கெனவே ஆடிய ஒருவராவது மேசையில் இல்லாத குழு திகைத்துப்போகும். முதல் நிலைத் திருடருக்குப் பூட்டுத் திறக்கும் வாய்ப்பு 15 வீதம் மட்டுமே என்று எழுதிவிட்டு, அத்தகையவரை வைத்து நடுவர் எப்படி ஆட்டத்தை நகர்த்துவது என்பது பற்றி நூல் போதிய அளவு பேசவில்லை. மந்திரவாதி ஒரேயொரு மந்திரத்தோடும் பெரும்பாலும் நான்குக்கு மேற்படாத உயிர்ப்புள்ளியோடும் தொடங்கி, அது பூச்சியத்தை எட்டியதும் இறந்துவிடுவார். இதை நான் குறையாகக் கருதவில்லை, ஆனால் பாத்திரத்தின் மீது பாசம் வைப்பவர்கள் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகக் காய்களை யாழ்ப்பாண நகரக் கடைகளில் நான் காணவில்லை. அதற்காகக் கலங்க வேண்டாம்: காய்த் தட்டுப்பாட்டால் 1979 அளவில் அமெரிக்கப் பெட்டிகளிலேயே காய்க்குப் பதிலாக இலக்கமிட்ட அட்டைத் துண்டுகள்தான் வந்தன, நாங்களும் கடதாசித் துண்டுகளைக் கோப்பையில் போட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறோம்.

ஏறத்தாழ முந்நூறு பக்கக் கெட்டி அட்டை நூலை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் அஞ்சற் செலவைத் தொடக்கத்திலேயே செய்ய வேண்டியதில்லை. முதல் மூன்று நிலைகளுக்கான அடிப்படை விதிகளைப் பதிப்பகம் பீடிஎஃப் ஆக இலவசமாகவே தருகிறது. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தை அண்டிய போட்டோப்பிரதிக் கடை ஒன்றில் அதை அச்சிட்டுச் சுருள் கட்டிக்கொண்டால் தொடங்குவதற்குப் போதும். நான்காம் நிலைவரை எவராவது உயிரோடு வந்து சேர்ந்தால் முழு நூலை வாங்கலாம். எங்கள் வட்டத்தில் அப்படி ஒருவரும் இன்னும் இல்லை.