பட்டுப்பாவாடையா, கலி லெஹங்காவா: இடுப்பில் எத்தனை அடுக்கு?

திருத்தணி, நகரி, புத்தூர்ப் பக்கம் மஞ்சள் நீராட்டுக்குத் துணி எடுக்கப் போனால் இரண்டையும் விரித்துப் போடுவார்கள். ஒன்று, நாம் பாவாடை தாவணி என்றும் தெலுங்கு வீட்டார் லங்கா வோணி என்றும் சொல்லும் பட்டு. மற்றது கலிகளை, அதாவது மேலே குறுகிக் கீழே அகன்ற துண்டுகளை, இணைத்துத் தைத்து, உள்ளே கேன்கேன் என்னும் விறைப்பு நெட் வைத்த லெஹங்கா. எல்லோரும் அடிச்சுற்றைத்தான் பார்க்கிறார்கள். இடுப்பைப் பார்க்க வேண்டும்.

இடுப்பு 24 அங்குலம் என்று வையுங்கள். பட்டு 3 மீட்டர், அதாவது 118 அங்குலம். கரை அடியில் வரத் துணியைப் படுக்கைவாட்டில் வைத்துக் கொசுவுகிறோம். இடுப்பைச் சுற்றி ஏறக்குறைய 5 மடங்கு துணி சேரும். 12 கலி வெட்டினால் ஒவ்வொன்றும் மேலே 2, கீழே 10 அங்குலம், தையலுக்குத் தனியாக 1 அங்குலம். அடிச்சுற்று 120, இடுப்பில் ஒரே அடுக்கு. சுற்று ஏறத்தாழ அதேதான், ஆனால் இடுப்பு தடிக்காது.

அதற்காக நெய்த பட்டைக் கலியாக வெட்டிவிடாதீர்கள். கலியின் அடி வளைவாக வரும், ஜரிகைக் கரை நேராகத்தான் ஓடும். இணைப்புக்கு இணைப்பு கரை உடையும். கலிக்குக் கரையைத் தனியாக வாங்கித் தைப்பதே சரி. வளரும் பிள்ளைக்குப் பட்டில் இன்னொரு வசதி: உள்ளே ஒன்றரை அங்குல ஆழத்தில் ஒரு பிடிப்பு பிடித்தால் 3 அங்குலம் சேமிப்பில் இருக்கும், அடுத்த வருடம் பிரித்துவிடலாம். கலியில் அப்படி இறக்க முடியாது.

கேன்கேன் செய்யும் வேலை புதிதல்ல. ஐரோப்பாவில் பல உள்பாவாடைகளை அடுக்கிப் பெற்ற விரிவை 1850-களில் எஃகு வளையக் கிரினோலின் தனியாகத் தாங்கியது. இங்கே அதை விறைப்பு நெட் தாங்குகிறது. நெட்டை இடுப்புப்பட்டியிலேயே சேர்த்தால் வயிறு உப்பித் தெரியும். லைனிங்கில் 6 அங்குலம் கீழே இறக்கித் தையுங்கள். விளிம்புக்குப் பருத்திப் பட்டி கட்டாவிட்டால் கால் அரிக்கும். சூடான இஸ்திரி பட்டால் நெட் உருகும்.

சித்திரை வெயிலில் பட்டுக்கே என் வாக்கு. விரிவு வேண்டுமென்றால் முழங்காலுக்குக் கீழே ஒன்றரை மடங்கு சுருக்கு வைத்த பருத்தி உள்பாவாடை போதும். பாவாடையைவிட 2 அங்குலம் குட்டையாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கரைக்குக் கீழே வெள்ளை எட்டிப் பார்க்கும்.