வேளாண்மைத் துறை போட்ட ஜாமீன்

கோயம்புத்தூர் கணபதியில் பதினெட்டு வருஷம் லேத் பட்டறை வைத்திருந்தவன் நான். கடன் என்றால் அங்கே எனக்குத் தெரிந்தது இரண்டுதான்: நகையை வைத்து வாங்குவது, யாரையாவது ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லி வாங்குவது. இரண்டாவது வகையில் மச்சானுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று வருஷம் அவன் தவணையையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். அதனால் ஜாமீன் என்ற சொல்லைக் கேட்டாலே கை தானாகப் பேனாவை மூடிவிடும். அப்படிப்பட்டவனுக்கு ஐம்பது வயதில் அமெரிக்க அரசாங்கத்தின் வேளாண்மைத் துறை ஜாமீன் போட்டு வீடு வாங்கிக் கொடுத்திருக்கிறது. அந்தக் கடனைப் பற்றித்தான் இது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியானா மாநிலத்தில் கொலம்பஸ் என்று ஒரு ஊர். கம்மின்ஸ் கம்பெனியின் தலைமையிடம் அதுதான். ஜெனரேட்டர் பார்த்தவர்களுக்குப் பெயர் தெரியும். அதைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் நிறைய. அதில் ஒன்றில் நான் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். அக்கா 2004-ல் எனக்காக மனு போட்டார். கிரீன் கார்டுக்கான, அதாவது அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான, விசாவோடு விமானம் ஏறியது 2021-ல். பெட்டியில் துணிமணி இருந்தது, என் மைக்ரோமீட்டர் இருந்தது, சேமிப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மனைவி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். பையன், பொண்ணு இருவரும் படிக்கிறார்கள்.

கொலம்பஸில் வாடகை கட்டி மாளவில்லை. மாநிலச் சாலை 7-ல் தென்கிழக்கே இருபது மைல் சொச்சம் போனால் ஜென்னிங்ஸ் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), நார்த் வெர்னன். ஊரின் ஜனத்தொகை ஏழாயிரத்தைத் தொடாது. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் சோயாவும்தான். அங்கே ஒன்றரை ஏக்கரில், கிணற்றுத் தண்ணீரும் பின்னால் தகரக் கொட்டகையுமாக ஒரு வீடு 1,65,000 டாலருக்கு வந்தது. கொட்டகையைப் பார்த்ததும் எனக்கு லேத் ஞாபகம். மனைவி கிணற்றைப் பார்த்தாள். முகம் மாறியது. அது அப்புறம்.

முதலில் போனது எங்கள் சம்பளம் வந்து விழும் வங்கிக்கு. அங்கே உட்கார்ந்திருந்த பையன் இருபது சதவீதம் முன்பணம் கொண்டு வாருங்கள் என்றான். 33,000 டாலர். குறைவாகக் கொடுத்து வாங்க வழியே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் உங்களுக்கு லாபம் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரையைத் திருப்பிக்கொண்டான். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு மூன்று சதவீத முன்பணத்தில் சாதாரண வங்கிக் கடனே உண்டு என்பதும், கடன் பாக்கி வீட்டு மதிப்பில் எண்பது சதவீதத்துக்கு இறங்கியதும் எழுதிக் கேட்டால், முன்பணம் குறைவு என்பதற்காக வங்கியின் பாதுகாப்புக்கு நாம் கட்டும் கடன் காப்பீட்டுக் கட்டணத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்பதும் பிறகு தெரிந்தது. அந்தப் பையனுக்குத் தெரியாதா, சொல்ல மனமில்லையா? வங்கியின் பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்து எஃப்எச்ஏ. வங்கி தரும் வீட்டுக் கடனுக்கு அரசாங்கம் காப்பீடு கொடுக்கும், அமெரிக்காவில் பழைய, பெயர் பெற்ற ஏற்பாடு. கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று போடும் மதிப்பெண், 580-ஓ அதற்கு மேலோ இருந்தால் 3.5 சதவீதம் முன்பணம் போதும். இந்த வீட்டுக்கு 5,775 டாலர். அதோடு காப்பீடு என்று கடன் தொகையில் 1.75 சதவீதம் முதலில், பிறகு வருஷம் 0.55 சதவீதம். மாதக் கணக்கில் 73 டாலர் வரும். பத்து சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் கட்டினால் அந்த 73 கடன் முடியும் வரை கூடவே வரும். மோசமில்லை. ஆனால் 5,775 டாலரை நான் எங்கே போய்ச் சேர்ப்பது?

நடுவில் ஒரு ஆபத்தான ஆசையும் வந்தது. கிராமப்புறத்தில் வீடு தேடுகிறவர்கள் எல்லோருக்கும் வரும். வீட்டுக்காரரே தவணைக்குத் தருகிறேன் என்பார். வங்கி வேண்டாம், ஸ்கோர் வேண்டாம். பக்கத்துக் கவுண்டியில் ஒருவர் அப்படி ஒரு தாளை நீட்டினார்: 10,000 டாலர் முன்பணம், ஒன்பது சதவீத வட்டி, ஐந்தாவது வருஷக் கடைசியில் மீதி மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். அதுவரை பத்திரம் அவர் பெயரிலேயே இருக்கும். வரி நான் கட்ட வேண்டும், கூரை ஒழுகினால் நான் பார்க்க வேண்டும். அவருக்கே அந்த வீட்டின்மேல் வங்கியில் பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். சிரித்தார். கிரய அக்ரிமென்ட் போட்டுப் பணம் கொடுத்துவிட்டுப் பதிவுக்கு வருஷக்கணக்கில் அலைந்தவர்களை ஊரில் பார்த்தவன் நான். தாளை மடித்து அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

யுஎஸ்டிஏ, அதாவது அமெரிக்க வேளாண்மைத் துறை, கடனைப் பற்றிச் சொன்னது என் ஷிப்ட் சூப்பர்வைசர். யுஎஸ்டிஏ என்றால் இறைச்சியில் முத்திரை குத்துகிறவர்கள் அல்லவா என்றேன். அவர்களேதான். 1949-ம் வருஷத்து வீட்டுவசதிச் சட்டத்தின் 502-ம் பிரிவில் இருந்து வருகிறது இந்தக் கடன். அதில் இரண்டு வகை. ஒன்று, துறையே நேரடியாகத் தருவது, குறைந்த வருமானக்காரர்களுக்கு. மானியம் சேர்ந்தால் வட்டி ஒரு சதவீதம் வரைக்கும்கூட இறங்கும், தவணைக் காலம் 33 வருஷம். ஆனால் வீட்டை விற்கும்போது அந்த மானியத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்பார்கள். எங்கள் இருவர் சம்பளமும் அதற்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டாவது வகைதான் எங்களுக்கு வாய்த்தது. பணம் தருவது வங்கி. நாம் கட்டாவிட்டால் தொண்ணூறு சதவீதம் வரை நஷ்டத்துக்கு நான் பொறுப்பு என்று துறை எழுதிக் கொடுக்கும். ஜாமீன், வேறென்ன.

முன்பணம் பூஜ்யம். தட்டச்சுப் பிழை இல்லை, பூஜ்யம்தான். ஜாமீனுக்குக் கூலியாக ஒரு சதவீதம். அதையும் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் கடன் அப்படித்தான் 1,66,667 டாலர் ஆனது. அப்புறம் வருஷத்துக்கு 0.35 சதவீதம், மாதம் 49 டாலர் மாதிரி. முப்பது வருஷம், மாறாத வட்டி, எங்களுக்கு 6.25 சதவீதம். அசலும் வட்டியுமாக மாதம் 1,026 டாலர். சொத்து வரி, வீட்டுக் காப்பீடு எல்லாம் சேர்த்து 1,330 போகிறது. சொந்தக் குடியிருப்புக்கு மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் சொத்து வரி போடக் கூடாது என்று இந்தியானாவில் உச்சவரம்பு இருக்கிறது. அது பெரிய ஆறுதல். கொலம்பஸில் இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டுக்கு 1,480 கொடுத்துக்கொண்டிருந்தோம்.

யாருக்குக் கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் பாதிப் பேர் இங்கேதான் நின்றுபோவார்கள். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கடன் கிடையாது. பொதுவாக அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்க வேண்டும். எஃப்எச்ஏ-யும் 2025 மே 25 முதல் அதே வழிக்கு வந்துவிட்டது. விசாக்காரர்களுக்கு மிச்சம் சாதாரண வங்கிக் கடன்தான். அடுத்து, வீடு துறையின் வரைபடத்தில் கிராமப்புறம் என்று காட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பொதுவாக 20,000 பேருக்கு உட்பட்ட ஊர்கள், சில இடங்களில் 35,000 வரை. கொலம்பஸ் அதில் வராது, ஜென்னிங்ஸ் வரும். வருமானத்துக்கு மேல்வரம்பு உண்டு. நாங்கள் போட்டபோது நான்கு பேர் குடும்பத்துக்கு வருஷம் 1,19,850 டாலர். கடனில் பெயர் இல்லாவிட்டாலும் வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் எல்லோருடைய சம்பளமும் கணக்கில் வரும். ஸ்கோர் 640 இருந்தால் கம்ப்யூட்டரே பச்சைக் கொடி காட்டும். எனக்கு 668. முந்நூறு டாலர் டெபாசிட் கட்டி வாங்கிய கிரெடிட் கார்டில் மூன்று வருஷம் பால், பெட்ரோல் மட்டும் போட்டுத் தேற்றிய ஸ்கோர்.

நார்த் வெர்னன் பக்கத்திலேயே ஒரு சின்ன வங்கியில் விண்ணப்பம் போட்டோம். அங்கிருந்த அம்மாள் என் கணக்கு வழக்கை ஒரு தாளில் கையால் எழுதிக் காட்டினார். கொட்டகையில் வியாபாரம் செய்வீர்களா என்று ஒரு கேள்வி. வருமானம் தரும் பண்ணைக்கும் தொழிற்கூடத்துக்கும் இந்தக் கடன் கிடையாதாம். காலிக் கொட்டகை பரவாயில்லை. பொழுதுபோக்குக்கு ஒரு சின்ன லேத் வைப்பேன் என்றேன். எவ்வளவு சின்னது என்றார். கையை விரித்துக் காட்டினேன். என் பட்டறையில் இருந்ததில் பாதி. உண்மையாகவே பாதிதான்.

இப்போது கிணறு. வெறுமனே வீட்டைப் பார்த்து விலை போடுவதோடு இந்தக் கடனில் விடமாட்டார்கள். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் ஐம்பது அடி, கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழாய்களுக்கும் கிணற்றுக்கும் நூறு அடி இடைவெளி இருக்க வேண்டும். சோதிக்க வந்தவர் கம்பியால் புல்லைக் குத்திக் குத்தி டேங்கின் மூடியைக் கண்டுபிடித்தார். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். வாழ்நாள் முழுக்க நூறில் ஒரு மில்லிமீட்டருக்குச் சண்டை போட்டவன், புல்தரையில் முட்டி போட்டு, துருப்பிடித்த டேப்பில் அடிக்கணக்கு பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐம்பத்து நான்கு. நாலடிக்கு மேல் குறைந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். டேப் தொய்ந்திருக்கிறது, இழுத்துப் பிடித்தால் இன்னும் குறையும் என்று வாய் வரை வந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். அவரே இழுத்துப் பிடித்து இன்னொரு தடவை அளந்தார்: ஐம்பத்து மூன்றரை.

தண்ணீரில் கோலிஃபார்ம் கிருமி இருப்பதாக முடிவு வந்தது. கிணற்றில் குளோரின் ஊற்றி, குழாயெல்லாம் ஓடவிட்டு, மறுபடியும் எடுத்து அனுப்பி, சரி என்று சான்று வர இரண்டு வாரம். செலவு வீட்டை விற்கிற அம்மா தலையில். இந்தக் கெடுபிடியைத் தொல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசு கொடுத்திருந்தாலும் இவ்வளவு கறாராக எனக்காக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

குறைக்கு வருகிறேன். இந்தக் கடனில் வங்கி சரி சொன்ன பிறகும் கோப்பு துறைக்குப் போய் அவர்கள் சம்மதக் கடிதம் தர வேண்டும். எங்கள் கோப்பு 2025 செப்டம்பர் கடைசி வாரம் போனது. அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசாங்கமே பூட்டிக்கொண்டது. பட்ஜெட் சண்டை. நாற்பத்து மூன்று நாள். கடிதம் கையில் இருந்தவர்களுக்குப் பத்திரம் முடிந்தது. எங்களைப் போலக் கடைசிப் படியில் நின்றவர்கள் அப்படியே நின்றோம். என் ஷிப்டில் ஒருவர் எஃப்எச்ஏ கடனில் அக்டோபர் நடுவிலேயே சாவி வாங்கிவிட்டார். அவர் டோனட் பெட்டி கொண்டுவந்த அன்று எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. வட்டி ஏறாமல் வங்கி பிடித்து வைத்திருந்த கெடுவை நீட்டிக்க 417 டாலர் தண்டம்.

விற்கும் அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. மகள் வீட்டுக்குப் போவதற்காகப் பாதிச் சாமானைக் கட்டி வைத்திருந்தார். வேறு ஒருவர் ரொக்கமாக ஐயாயிரம் குறைத்துக் கேட்கிறார் என்று ஏஜென்ட் சொன்னார். மனைவி தேங்காய் பர்பி செய்து எடுத்துக்கொண்டாள். லஞ்சமா என்று கேட்டேன். மரியாதை என்றாள். வராந்தாவில் உட்கார்ந்து அந்த அம்மா ஒரு துண்டு தின்றார், இரண்டாவதை எடுத்தார். இந்த வீட்டைக் கட்டியபோது நாங்களும் விவசாய அலுவலகத்துக் கடிதத்துக்குத்தான் காத்திருந்தோம் என்றார். டிசம்பர் நடுப்பகுதி வரை பொறுக்கிறேன் என்று ஒப்பந்தத்தைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். டிசம்பர் 5 பத்திரம் முடிந்தது. செலவுகளில் 4,500 அவர் ஏற்றுக்கொண்டார். சோதனைகள், தண்டம் உட்பட எங்கள் கையிலிருந்து போனது 3,400 டாலர்.

இப்படி ஒரு மனுஷி அந்தப் பக்கம் இல்லாமல் போயிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அதனால் இந்தக் கடனுக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண்தான். வீட்டை அவசரமாக விற்கிறவரிடம் இந்தக் கடனோடு போகாதீர்கள். செப்டம்பர் மாதத்தில் கோப்பை அனுப்பாதீர்கள். அங்கே நிதியாண்டு முடிவது அந்த மாதம்தான், பட்ஜெட் சண்டை தீராவிட்டால் அக்டோபர் 1 அன்றே பூட்டு விழலாம். கையில் பத்தாயிரம் டாலர் சேமிப்பும் 720-க்கு மேல் ஸ்கோரும் இருந்தால் மூன்று சதவீத வங்கிக் கடனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் காப்பீட்டுக் கட்டணம் ஒரு நாள் நின்றுவிடும், இந்த 0.35 கடன் உள்ளவரை நிற்காது. விண்ணப்பம் போட்ட மூன்று வேலை நாளுக்குள் எந்த வங்கியும் செலவு மதிப்பீட்டைத் தாளில் தந்தாக வேண்டும். இரண்டு மூன்று இடத்துத் தாளை வாங்கி ஒரே மேஜையில் போட்டு ஒப்பிடுங்கள்.

கொட்டகைக்கு மூன்று ஃபேஸ் மின்சாரம் கிடையாதாம், சிங்கிள் ஃபேஸ்தான். அதற்குத் தோதான லேத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிணற்றுத் தண்ணீருக்குச் சான்றிதழ் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. மனைவி அதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் தண்ணீரைக் கொதிக்க வைக்கிறாள்.