ஹார்ட்டிஸ் ஏரிக்கரைக்கு நாயோடு போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

தென்னாப்பிரிக்காவில் லோடியம், லெனேஷியா பக்கத்து நம் ஆட்களுக்கு லீவு கிடைத்தால், ஹார்ட்டிஸ் என்று சுருக்கமாகச் சொல்கிற ஹார்ட்பீஸ்போர்ட் அணை ஏரிக்கு வண்டியைத் திருப்புவது வழக்கம். பிரிட்டோரியாவிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. மலை, கேபிள் கார், கைவினைச் சந்தை எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் நாயைக் கூட்டிக்கொண்டு அங்கே தண்ணீரோரம் வீடு எடுக்கப் போகிறீர்கள் என்றால் எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

"நாய் வரலாம், சுற்றிலும் வேலி, தோட்டத்திலிருந்தே தண்ணீரில் இறங்கலாம்" என்று விளம்பரம். நனைந்த நாய் ஒன்று கரையேறுகிற படமும் போட்டிருந்தார்கள். பணம் முழுவதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். போய் இறங்கியதும் நாய்க்குத் தனி டெபாசிட் என்று வீட்டுக்காரம்மா கேட்டார். ரொக்கமாக, ரசீது இல்லாமல். நாய் உள்ளே படுக்கக் கூடாதாம், பிராய் போடுகிற, அதாவது கறி சுடுகிற கொட்டகையில் கட்ட வேண்டுமாம். இதுகூடப் போகட்டும். வேலி மூன்று பக்கம்தான் இருந்தது. நாலாவது பக்கம் அணைத் தண்ணீர்.

ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடந்த கரையில், பச்சைப் பெயின்ட்டைக் கொட்டினதுபோல் ஒரு படலம். குச்சியால் கிளறினால் கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது, அழுகல் வாடை. இது என்ன, நாய் இறங்கலாமா என்று அந்தம்மாவிடமே கேட்டோம். "சும்மா பாசிதான். இங்க வர்ற நாயெல்லாம் நீந்துது" என்றார். எங்கள் ராணி லாப்ரடார் ஜாதி, தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டாள். இறங்கி விளையாடி, ஏறிவந்து உடம்பெல்லாம் நக்கிக்கொண்டாள்.

இருட்டுவதற்குள் வாந்தி. ஈறு வெளுத்துப்போய், பின்னங்கால் தள்ளாடியது. மூட்டை முடிச்செல்லாம் அங்கேயே போட்டுவிட்டு பிரிட்டோரியாவுக்கு ஓடினோம். கால்நடை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஹார்ட்டிஸ் தண்ணியா?"

அது நீலப்பச்சைப் பாசி. அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்கிற வகை வெளியிடும் நஞ்சு நேராகக் கல்லீரலைத் தாக்கும். முறிமருந்து கிடையாது, சலைன் ஏற்றி, உடம்பு தாங்குகிறதா என்று பார்த்திருக்க வேண்டியதுதான். தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் நஞ்சு போகாது. நாய் குடிக்கவே வேண்டாம், ரோமத்தில் ஒட்டியதை நக்கினாலே போதும். ஜோகன்னஸ்பர்க் வடக்குப் பகுதிச் சாக்கடைக் கழிவு ஜுக்ஸ்கெய் ஆற்றில் கலந்து, குரோக்கடைல் ஆறு வழியாக இந்த அணைக்குத்தான் வந்து சேருகிறது. அதிலிருக்கும் பாஸ்பரஸ்தான் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் தீனி. பல பத்தாண்டுகளாக ஊரறிந்த சங்கதி. தண்ணீரோரமே குடியிருக்கிற ஒருத்தருக்கு இது தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

ராணி பிழைத்தாள். அதற்கு அந்த டாக்டருக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். கல்லீரலுக்கு இன்னும் ரத்தப் பரிசோதனை நடக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த தாளைப் படமெடுத்து அனுப்பினார்கள். "தண்ணீரில் இறங்குவது விருந்தினர் பொறுப்பு" என்று பொடி எழுத்தில் ஒரு வரி. தட்டு எடுக்கக் கதவைத் திறந்தால்தான் கண்ணில் படும். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 41ஆம் பிரிவைப் பாருங்கள். பொய் சொல்லி விற்பது மட்டுமல்ல, வாடிக்கையாளர் தப்பாக நினைத்திருப்பது தெரிந்தும் திருத்தாமல் விடுவதும் அதன்படி தவறு. தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு, டாக்டர் பில் எல்லாவற்றோடும் எழுதியிருக்கிறேன்.

நீங்கள் வீடு எடுப்பதாக இருந்தால் தண்ணீரின் இன்றைய படத்தைக் கேளுங்கள், பழைய படம் வேண்டாம். நாலு பக்கமும் வேலி உண்டா, நாய் எங்கே படுக்கும், தனிக் கட்டணம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள். நாய் தப்பித்தவறி இறங்கிவிட்டால் நக்கவிடாமல் உடனே குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதே நாய்ப் படத்தோடு. அந்தப் பக்கம் ஏற்கெனவே வீடு புக் பண்ணியிருக்கிற அண்ணன்மார், அக்காமார் எனக்குத் தனியாக எழுதுங்கள். அதே வீடுதானா என்று பார்த்துச் சொல்கிறேன்.