அழைத்து வந்த படை: புதுச்சேரி–கடலூர் ஒருநாள் வரலாற்றுப் பயணம்

புதுச்சேரியில் வரலாற்று ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் ஒருநாள் வேன் பயணத்திற்குச் சென்ற மாதம் போய்வந்தேன். ஆளுக்கு 1,400 ரூபாய். மதியச் சாப்பாடும் அதில் அடக்கம். 'கர்நாடகப் போர்கள்' என்ற தலைப்பைப் பார்த்து, கோட்டை, பீரங்கி, கிளைவின் வீரம் என்ற பள்ளிக்கூடக் கதையைத்தான் மறுபடியும் கேட்கப் போகிறோம் என்று எண்ணியே ஏறினேன். வழிகாட்டியாக வந்த இளைஞரோ, ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக நடந்த உள்நாட்டுச் சண்டைக்குள் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்ற இரண்டு அந்நிய வணிகக் கம்பெனிகளின் படைகள் எப்படி நுழைந்தன, நுழைந்தபின் ஏன் வெளியேறவில்லை என்பதையே நாள் முழுவதும் பேசினார்.

கடற்கரைச் சாலையில், அக்காலப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் சிலையருகே பேச்சைத் தொடங்கியது பொருத்தமாக இருந்தது. நவாபு பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபு முன்பு மராட்டியரிடம் சிறைப்பட்டிருந்த ஆண்டுகளில் அவருடைய குடும்பத்திற்குப் புதுச்சேரிதான் அடைக்கலம் தந்தது. ஆகவே 1749இல் பிரெஞ்சுப் படை அவருக்குத் துணையாகப் புறப்பட்டபோது, அழையாத வீட்டுக்குள் நுழைகிறோம் என்ற எண்ணம் டூப்ளேயிடம் இருந்திருக்க நியாயமில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆம்பூரில் நவாபு அன்வருதீன் கொல்லப்பட்டார். வெற்றி இவ்வளவு எளிதாகக் கிடைத்ததே வினையாயிற்று என்பது வழிகாட்டியின் கருத்து. எனக்கும் அது சரியென்றே படுகிறது. அன்வருதீனின் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பிச் சென்று ஆங்கிலேயரின் துணையை நாடினார்.

அடுத்து ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த அவருடைய நாட்குறிப்பைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசலாம். பத்து நிமிடத்தில் வேனில் ஏறச் சொல்லிவிட்டார்கள்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, செயின்ட் டேவிட் கோட்டையில் எஞ்சியிருப்பது சிறிதுதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்தார். ஆனால் 1746இல் சென்னைப்பட்டணம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபின் சில ஆண்டுகள் இதுவே ஆங்கிலேயரின் தலைமையிடம். இக்கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியபோது பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்ந்து கிடைத்தன என்பதும், அவற்றுக்குக் 'குண்டு கிராமம்' என்ற பெயர் வந்ததும் கடலூர்க்காரர்கள் பலருக்கே தெரியாது. அங்கே மர நிழலில் அமர்ந்து கேட்ட பகுதிதான் கொடுத்த பணத்துக்குத் தகுந்தது. ஐரோப்பாவில் இங்கிலாந்து, பிரான்சு அரசர்கள் இருவரும் 1748இலேயே சமாதானம் செய்துகொண்டுவிட்டார்கள். எனவே இங்கே இருவரும் நேராக மோத வழியில்லை, தத்தம் நவாபின் துணைப்படை என்ற பெயரில்தான் மோத முடியும். முகமது அலியைக் கைவிட்டால் தென்னாடு முழுதும் டூப்ளேயின் சொல்லே செல்லும். கை கொடுத்தால் அடுத்தவர் வீட்டுச் சண்டை தம் தலையில் விழும். ஆங்கிலேயர் முதலில் சிறு படையை மட்டும் அனுப்பிப் பார்த்தது இந்தத் தயக்கத்தினால்தான் என்றார் அவர்.

சிப்பாய்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர் விடாமல் பிடித்துக்கொண்டதே இப்பயணத்தின் சிறப்பு. ஐதராபாத்துக்குப் படையோடு போன பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஏழாண்டுகள் அங்கேயே இருந்தார். அந்தப் படையின் செலவுக்காக 1753இல் நிஜாம் வட சர்க்கார் (இன்றைய ஆந்திரக் கடலோரம்) மாவட்டங்களின் வருவாயையே எழுதிக் கொடுத்தார். சம்பளத்துக்கு நிலவரியைக் கொடுத்தபின் அந்தப் படை எதற்காகத் திரும்பிப் போகும்? தோற்ற சந்தா சாகிபு 1752இல் தலையை இழந்தார். வென்ற முகமது அலியோ ஆங்கிலேயரிடம் கடன்மேல் கடன் பட்டு வாழ்ந்தார். அவருக்குப் பின், 1801இல், கர்நாடக ஆட்சியே கம்பெனிக்குப் போய்விட்டது.

குறை ஒன்று உண்டு. உடன் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "அப்படியானால் 1987இல் இலங்கைக்குப் போன நம் அமைதிப்படையை என்னவென்று சொல்வீர்கள், தம்பி?" என்று கேட்டதற்கு, வழிகாட்டி "அரசியல் வேண்டாம், ஐயா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டார். இரண்டும் ஒன்றல்ல என்பதை நானும் அறிவேன். இந்தியா அங்கே ஒரு ஊரின் வரியையும் எழுதி வாங்கவில்லை. ஆனால் ஜூலையில் உடன்படிக்கையோடு போய், யாழ்ப்பாணத்தில் மக்களின் வரவேற்பைப் பெற்ற படை, அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. காக்கச் சென்ற மக்களிலேயே பலர் அதில் மாண்டனர். 1989இல் அதிபர் பிரேமதாசாவும் வெளியேறச் சொன்னார். ஏறத்தாழ 1,200 வீரர்களைப் பலிகொடுத்து 1990 மார்ச்சில் படை திரும்பியது. சரி, போகாமலே இருந்திருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தால், யாரும் வந்து தடுக்காத 2009 குறுக்கே நிற்கிறது. காலை முழுவதும் இந்தச் சிக்கலைத்தான் பதினெட்டாம் நூற்றாண்டின் பெயரால் விளக்கினார். கேள்வி கண்ணெதிரே வந்தபோது ஒதுங்கிக்கொண்டது ஏமாற்றமே.

மீன்குழம்புச் சாப்பாடு நன்றாக இருந்தது. வேனில் குளிர்சாதன வசதி இல்லை. கோட்டையருகே கழிப்பறையும் இல்லை என்பதால் முதியோர் முன்னேற்பாட்டோடு செல்வது நல்லது. அடுத்து வந்தவாசிக்கு ஒரு பயணம் உண்டாம். பெயர் கொடுத்திருக்கிறேன், ஆசிரியரும் கொடுத்திருக்கிறார்.